முழுநேரம் என்றொரு சொல்

ஆடி பிறந்துவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கை ஆள்வது காற்றுதான். மேற்கே குமுளி மலையில் மலையாளத்து மழை முட்டி நிற்கும். முட்டிய மழையை அங்கேயே விட்டுவிட்டு, அதன் ஈரத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு காற்று இறங்கி வரும். கூடலூர் கடந்து, கம்பம் கடந்து, வயல்களின் இளநாற்றை ஒருபுறமாகத் தலைசீவி, தென்னை மட்டைகளை எல்லாம் கிழக்கே பார்க்கச் செய்து, மேகமலையின் அடிவாரத்தில் வந்து மூச்சுவாங்கும். அந்நாள்களில் வானம் எந்த முடிவுக்கும் வராது. வெயில் என்று நம்பித் தானியத்தைக் காயப்போட்டால் சாரல் விழும். மழை என்று அஞ்சி அள்ளிக் குவித்தால் மேகம் விலகிச் சிரிக்கும். பகல் அந்தி போலவும், அந்தி விடியல் போலவும் ஒரே மங்கல் ஒளி. அடையும் நேரம் அறியாத கோழிகள் நடுப்பகலில் கூட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். படைத்தவனே தன் கையில் இருப்பது பகலா இரவா என்று ஒரு கணம் மறந்து நின்றாற்போன்ற பருவம் அது.

ராயப்பன்பட்டியில் அக்காற்று முதலில் தொடுவது மாதா கோயில் கோபுரத்தை. அடுத்துத் தொடுவது ஊரைச் சூழ்ந்த திராட்சைப் பந்தல்களை. ஏசுதாசனின் பந்தல் பெரிதன்று. ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறுமூலைக்குக் கேட்கும். கவாத்து முடிந்து, வெட்டிய கணுக்களிலெல்லாம் தளிர் விட்டு, கொடிகள் பற்றுவதற்குக் கம்பி தேடித் துழாவிக்கொண்டிருந்தன. ஏசுதாசன் கத்தரியால் வேண்டாத தளிரைக் கிள்ளி முன்னே செல்ல, அவன் மனைவி ஞானபாக்கியம் நனைத்த வாழைநாரை இடுப்பில் செருகிக்கொண்டு, கொடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியபடி பின்னே வருவாள். இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. முகம் மேலே கொடியைப் பார்க்கும். பேச்சு மட்டும் கீழே நடக்கும். மணமாகிய நாள்முதல் அவர்கள் பேசியவற்றுள் பெரும்பகுதி அந்தப் பந்தலின் கீழ்தான் பேசப்பட்டது.

“ஊசியம்மா ஒண்ணு கேட்டாக” என்றாள் அவள்.

ஊசியம்மா என்று ஊரார் அழைத்தது, கன்னியர் மடத்து மருந்தகத்தை நடத்தும் சிஸ்டர் பிலோமினாவை. பாலாப் பக்கத்து மலையாளப் பெண்மணி. அந்த மருந்தகத்தில் ஞானபாக்கியத்துக்குக் காலைநேர வேலை. பூசை முடிந்ததும் போய், மண்ணெண்ணெய் அடுப்பில் கண்ணாடி ஊசிக்குழல்களைக் கொதிக்க வைத்து, துவைத்துலர்ந்த கட்டுத்துணிகளைச் சுருட்டி, அழுகிற பிள்ளைகளை அமர்த்தி, கோயிலில் உச்சிமணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு பந்தலுக்கு வந்துவிடுவாள்.

“என்ன கேட்டாகளாம்?”

“வர்ற மாசத்துலேர்ந்து முழுநேரமா வந்துரு ஞானம்னாக.”

கத்தரியின் ஓசை நின்றது.

“முழுநேரம்னா?”

“முழுநேரம்னா முழுநேரந்தான்.”

“அதத்தான் கேக்குறேன்.”

“எனக்கென்ன தெரியும்? அவுக சொன்னாக, நான் தலையாட்டிட்டு வந்துட்டேன்.”

“சரின்னு ஆட்டுனியா, கேட்டுக்கிட்டேன்னு ஆட்டுனியா?”

“தலைய ஆட்டுனேன். அது எந்தப் பக்கமாப் போச்சுன்னு நான் கண்டேனா?”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பின்னும் அந்தச் சொல் பந்தலிலேயே தங்கிவிட்டது.

அவ்வூர் உழைப்பாளிகள் வேலையை அளப்பதற்கு இரண்டே அளவுகள் வைத்திருந்தார்கள். காலைமணி முதல் உச்சிமணி வரை ஒருநேரம். அதனோடு அந்திமணி வரை சேர்ந்தால் இருநேரம். நடவோ களையெடுப்போ, கிணறு வெட்டோ வீடு மெழுகலோ, எல்லாம் இந்த இரண்டனுள் அடங்கிவிடும். முழுநேரம் என்றோர் அளவை எந்தப் பந்தலும் எந்த வயலும் அவர்களிடம் கேட்டதில்லை.

“இருநேரம்னா இருநேரம்னு சொல்லிருப்பாகள்ல” என்றான் ஏசுதாசன்.

“அதான் எனக்கும் ரோசனையா இருக்கு.”

“அப்ப அதுக்கும் மேல ஒண்ணு. ராத்திரியும் சேத்தா?”

“இருக்கும். பிள்ளைப்பேறு பாக்கக் கட்டில் வந்து எறங்கிருக்கு. மெத்தையெல்லாம் கூட வந்துருச்சு.”

“கட்டில் வந்தா ராத்திரிக்கு ஆள் வேணும்ல. அதுக்குத்தான் ஒன்னையக் கேக்குறாக.” அவன் மேலே பார்த்தபடியே ஒரு தளிரைக் கிள்ளினான், கிள்ளியிருக்கக் கூடாத தளிர் அது. “போயி வெவரமாக் கேளு.”

“எப்பிடிக் கேக்க? தலைய ஆட்டிட்டேன். இன்னைக்குப் போயி என்னன்னு கேட்டா, தெரியாமத்தான் ஆட்டுனியாடின்னு கேக்க மாட்டாகளா?”

பரலோக மாதா திருநாள் முடிந்ததும் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. திருநாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் மனம் அவளுக்கே பிடிபடவில்லை. மருந்தகத்தில் காலையில் வந்த காய்ச்சல் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டு, சூடு தணிவதற்குள் உச்சிமணி அடித்துவிடும். தணிந்ததா இல்லையா என்பதை மறுநாள் யாராவது சொன்னால் உண்டு. புண்ணைக் கழுவத் தொடங்கும் கை அவளுடையது. கட்டி முடிக்கும் கை வேறொருத்தியுடையது. பந்தலிலோ, காலைப் பனியில் கொடி எப்படி இருக்கும் என்பதை அவள் ஏசுதாசன் சொல்லித்தான் அறிவாள். இரண்டிடத்திலும் பாதிப் பகலுக்குத்தான் அவள் சொந்தக்காரி. ஏதாவது ஒன்றை முழுவதுமாகப் பார்க்க வேண்டும் என்று ஒருபால் ஆசை. ஒன்றை முழுவதும் பார்க்கப் புகுந்தால் மற்றொன்று முழுவதும் மறைந்துபோகுமே என்று மறுபால் அச்சம்.

திருநாளுக்கு முந்தைய வாரம், அல்லிநகரத்திலிருந்து ஏசுதாசனின் அக்காள் சவரியம்மாள் வந்து இறங்கினாள். சபை மாறி மணம் செய்துகொண்டவள். கணவன் சுந்தர்ராஜ் தேனிக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் புராட்டஸ்டண்டுக்காரர். பிறந்த ஊர்த் திருநாளை ஒட்டி மட்டும் அவள் பழைய கோயிலுக்கு விருந்தாளியாக ஒருநாள் வந்துபோவாள். பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து வந்ததில் தலைமுடியெல்லாம் காற்று கலைத்திருந்தது.

“உங்க ஊருக் காத்து ஆளை எறக்கிவிடுதா, பறக்கவிடுதான்னே தெரியல” என்று சேலையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். காராச்சேவுப் பொட்டலத்தை நீட்டினாள். அடுப்பில் மொச்சைக் குழம்பு கொதிக்கும் வாசனை பிடித்ததும் நேரே சட்டியின் மூடியைத் திறந்தாள். “காணத் துவையல் அரைக்கலையா பாக்கியம்? நான் வர்றேன்னு தெரியும்ல?”

“அரைச்சிருக்கேன் மதினி. ஒக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க.”

மூவரும் உண்ண அமர்ந்தபோது செய்தி வெளிவந்தது. சவரியம்மாள் பிசைந்த கவளம் கையிலேயே நின்றது.

“முழுநேரம்னா சொன்னாக? அந்தச் சொல்லேவா?”

“அந்தச் சொல்லேதான் மதினி.”

“ஏலே தம்பி, சோத்த வச்சுட்டு இங்கன கேளு. எங்க சபையில முழுநேரம்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு? ஊழியத்துக்குப் போறது. வீடு வாசல், யாவாரம், சொந்தம் பந்தம் அம்புட்டையும் விட்டுப்புட்டு ஒரு பையத் தூக்கிக்கிட்டுப் போறது. எங்க தெருவுல ஒருத்தரு, சவுளிக்கடை வச்சு நல்லாத்தான் இருந்தாரு. ஒருநா செபக்கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, நான் முழுநேரம் போறேன்னு சொன்னாரு. மறுவாரம் கடையில வேற ஒருத்தன் துணி கிழிச்சுக்கிட்டு இருக்கான். பொண்டாட்டி ஆத்தா வீட்டுல இருக்கா.”

“அது உங்க சபை. எங்க கோயில்ல அப்பிடியெல்லாம் கெடையாது” என்றான் ஏசுதாசன். குரலில் உறுதி இல்லை.

“உங்க கோயில்ல இதுக்கு மேலல்ல! நாங்களாச்சும் பையோட போறோம், திரும்பி வந்தாலும் வருவோம். மடத்துக்குள்ள போனவ திரும்பி வந்து நீ பாத்திருக்கியா?”

“கல்யாணம் ஆனவள மடத்துல எப்பிடிக்கா சேப்பாக?”

“கன்னியாஸ்திரியாச் சேக்க மாட்டாக. கூடமாட வச்சுக்குவாக. வெள்ளச் சீலை, ரெண்டு வேளை செபம், அங்கனயே சோறு, அங்கனயே படுக்கை. வருசத்துக்கு ஒருக்கா ஒன்னய வந்து பாத்துட்டுப் போவா.” சவரியம்மாள் கவளத்தை வாயில் போட்டு மென்றாள். பிறகு, தன் சொல்லின் எடை அறியாமல், குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “காலச் சுத்துன பிள்ளை ஒண்ணு இருந்தாக் கேட்டிருப்பாகளா? வீட்டுல இவளுக்கு என்ன சோலின்னு நெனச்சிருப்பாக. வேற என்ன?”

ஏசுதாசன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞானபாக்கியம் எழுந்து போய்க் கொள்ளுத் துவையல் கொண்டுவந்து வைத்தாள். துவையல் ஏற்கெனவே இலையில் இருந்தது.

மலடி என்ற சொல்லை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அந்த ஊர் அவ்வளவு கொடியதன்று. ஆனால் சொல்லாத சொல்லுக்கு ஓர் இயல்பு உண்டு. அது பிற சொற்களின் மறைவில் குடியிருக்கும். இப்போது ‘முழுநேரம்’ என்ற சொல்லைத் திறந்தால் உள்ளே அது உட்கார்ந்திருந்தது. தன் கை சுத்தமென்றா கேட்டார்கள்? தன் வீடு வெறுமையென்றா?

சவரியம்மாள் வந்துபோன கையோடு செய்தி குழாயடிக்குப் போயிற்று. பக்கத்துப் பந்தலில் வேலை செய்யும் பாண்டியம்மாள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “ஏக்கா, வெள்ளச் சீலை எடுத்தாச்சா, இல்ல மடத்துலயே குடுப்பாகளா?” என்றாள்.

“எடுத்தாச்சுடி. மிச்சத் துணியில ஒனக்கு ஒரு சாக்கெட்டு.”

“எனக்கெதுக்கு? நான் போயிட்டா எம்புருசன் மறுநாளே வேறவளக் கூட்டியாந்துருவான். உங்க ஆளு பாவம், ஒண்டியா ஒக்காந்து கொடிகூடப் பேசிக்கிட்டு இருப்பாரு.”

பெண்கள் சிரித்தார்கள். ஞானபாக்கியமும் சேர்ந்து சிரித்தாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருப்பதை வேறொருத்தி சொல்லித்தான் கண்டாள்.

வீட்டில் ஏசுதாசன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். உண்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். தன் வேட்டியைத் தானே துவைத்துக் கொடியில் போட்டான்; காற்று அதைப் பிடுங்கிப்போய் அடுத்த வீட்டு முருங்கையில் மாட்டிற்று. ஒரு காலை, மருந்தகத்துக்குச் சென்றவள் ஊசிப் பெட்டியின் திறவுகோலை மறந்துவிட்டதால் பாதிவழியில் திரும்பி வந்தாள். வீடெல்லாம் புகை. அடுப்பின்முன் ஏசுதாசன் குத்துக்காலிட்டு அமர்ந்து, துடுப்பால் கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தான். பானைக்குள் களி கட்டிகட்டியாகப் புரண்டது; ஒருபக்கம் தீய்ந்து, ஒருபக்கம் மாவாகவே இருந்தது.

“என்ன செய்யிறீக?”

“களி கிண்டுறேன்.”

“பானையில சோறு இருக்கே. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“இல்ல.” அவன் நிமிரவில்லை. “பழகிக்கிறேன்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கண்ணில் புகை புகுந்தது.

“எதுக்குப் பழகுறீக?”

“சாமி கேக்குறப்ப நான் குறுக்க நிக்க முடியுமா ஞானம்? நமக்குன்னு ஒண்ணும் குடுக்கல. சரி, கேக்குறதையாச்சும் மொகம் கோணாமக் குடுத்துருவோம்னு பாத்தேன்.”

“சாமி கேட்டுச்சா? ஒங்ககிட்ட வந்து கேட்டுச்சா?”

“அக்காதான் சொல்லுச்சுல்ல.”

“அக்கா சொல்லுச்சு. ஊரு சொல்லுச்சு. என்னய ஒரு வார்த்தை கேட்டீகளா? அனுப்பிவிடுறதுக்கு அம்புட்டு அவசரமா? பிள்ளை பெறாதவ போனாப் போறான்னு பானையத் தூக்கி வச்சாச்சு!”

அவன் திகைத்து அவளைப் பார்த்தான். அப்படியொரு பொருள் தன் களிப்பானைக்குள் இருக்கும் என்று அவன் எண்ணியிருக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான், வந்தது இருமல். அவள் திறவுகோலை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். தெருமுனை வரை சென்றவள் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே, “அடுப்பக் கொறச்சு வையிங்க. இன்னும் தீயப்போகுது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மருந்தகத்தில் அவள் கொதிநீரிலிருந்து ஊசிகளை எடுத்து வைத்தபோது இரண்டை அடியிலேயே விட்டுவிட்டாள். சிஸ்டர் பிலோமினா இடுக்கியால் அவற்றை எடுத்துக் காட்டினார்.

“எந்தா ஞானம், கொஞ்சம் நாளாய் உன்னோடு கை இங்க, மனசு எங்கோ?”

ஞானபாக்கியம் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுவிடுவது என்று தெருவிலேயே முடிவு செய்திருந்தாள். அந்த முடிவு வாசற்படி வரைதான் கூட வந்தது.

“சிஸ்டர், கோவிச்சுக்கிறாதீக. அன்னைக்கு முழுநேரம்னு சொன்னீகள்ல. அது… எம்புட்டு நேரம்?”

“எம்புட்டா? காலத்தே இப்போல வரும். உச்சைக்குச் சோறு உண்ண ஒரு மணிக்கூர். பின்னே அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகும். இங்கிலீஷில் ஃபுல்-டைம் என்னு சொல்வாரில்லே, அதைத் தமிழாக்கிச் சொன்னேன். தெற்றாய், தப்பாய்ப் போச்சா?”

“ராத்திரி?”

“ராத்திரிக்கு நான் இருக்கேனே. நீ எதுக்கு?”

“அப்ப மடத்துல… சேத்துக்கிறது… வெள்ளச் சீலை…”

சிஸ்டர் பிலோமினா சிறிது நேரம் அவளைக் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மருந்து வாங்க நின்ற கிழவர் ஒருவர் தன் இருமலை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி சிரித்தார். சிரிப்பினிடையே ஞானபாக்கியத்தின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

“இனியும் ஏதோ உண்டு. சொல்லு.”

“என்னய எதுக்குக் கேட்டீக? பிள்ளை குட்டி இல்லாதவன்னா?”

வெளியே காற்று சன்னல் கதவை அடித்துத் திறந்தது. சிஸ்டர் எழுந்து போய்க் கொக்கியை மாட்டிவிட்டு வந்து அமர்ந்தார். பொய் சொல்லத் தெரிந்தவரானால் அந்நேரத்தில் ஒன்று சொல்லியிருப்பார்.

“அதுவும் உண்டு, ஞானம். கைக்குழந்தை உள்ளவளை நான் இந்த வேலைக்குக் கூப்பிட மாட்டேன். அவளுக்குக் கஷ்டம், எனக்கும் கஷ்டம். பட்சே… ஆனா, அதுமட்டும் போதும் என்றால் இந்த ஊரில் வேறயும் ஆள் உண்டு. நான் உன்னைக் கேட்டேன். நீ பிடிச்சால் குழந்தைகள் ஊசிக்குக் கையை இழுக்கறதில்லை. அது எதுகொண்டு என்னு எனக்கே தெரியலை.” பிறகு, “வேண்டாம் என்றாலும் சொல்லு. இங்கே காலைவேலை உனக்கு எப்போதும் உண்டு” என்றார்.

உச்சிமணி அடித்ததும் அவள் பந்தலுக்கு நடந்தாள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. அச்சம் இருந்தவரையில் அது ஒரு சுவர், சாய்ந்துகொள்ள உதவிற்று. முழுநேரம் என்றால் இரவும் பகலும், மடமும் வெள்ளைச் சேலையும் என்றால், மாட்டேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். இப்போது அது வெறும் பகலின் மறுபாதியாகச் சுருங்கிவிட்டது. அவ்வளவு சிறியதை வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டும். வேண்டும் என்று சொல்லவும் காரணம் வேண்டும். இரண்டும் அவளிடம் இருந்தன. இரண்டும் ஒரே எடையில் இருந்தன.

பந்தலுக்குள் குனிந்து நுழைந்து, வாழைநாரை எடுத்து இடுப்பில் செருகினாள். ஏசுதாசன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். சிஸ்டர் சொன்னதையெல்லாம் அவள் கட்டிக்கொண்டே சொன்னாள். அவன் முதலில் கத்தரியைத் தாழ்த்தினான். பிறகு ஒரு கல்தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.

“அப்ப இருநேரந்தான்! அட, இருநேரம்! அதுக்கா நான் களி கிண்டுனேன்?”

“கட்டி தட்டாமயாச்சும் கிண்டிருக்கலாம்.”

“சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவ.”

“வந்துருவேன்.”

“அப்பச் சரி. போ.”

அவள் கை நின்றது. “அம்புட்டுத்தானா?”

“வேற என்ன? இருநேர வேலை. நெழல்ல வேலை. மழைக்கும் காத்துக்கும் பயமில்ல. ஊரே ஆசைப்படும்.”

“அப்ப இங்கன யாரு கட்டுறது?”

“பாண்டியம்மாளக் கூப்புட்டுக்கிறேன். அவ கை வேகமான கை.”

“சரி. அவளையே வச்சுக்கங்க.”

“ஏன் கோவிக்கிற? போன்னாலும் கோவம், போகாதன்னாலும் கோவந்தான் வரும். நான் என்னதான் சொல்ல?”

“தெரியல.” அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். “எனக்கே தெரியல. போன்னு நீங்க சொன்னா, எதுக்குப் போகச் சொல்றாகன்னு இருக்கு. போகாதன்னு சொல்லிருந்தா, இவுக என்ன சொல்றது நான் போவேன்னு இருந்திருக்கும். அங்கன இருக்குறப்ப இங்கன கொடி காத்துல ஆடுமேன்னு இருக்கு. இங்கன வந்தா, காலையில வந்த பிள்ளைக்குக் காச்சல் எறங்குச்சான்னு இருக்கு.”

இரண்டு வரிசை கடந்தார்கள். காற்று பந்தலின் மேலே ஆறுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

“பாண்டியம்மா கட்டிருவா” என்றான் கடைசியில். “ஆனா வாயத் தொறந்தா மூட மாட்டா.”

“நான் மட்டும்?”

“நீயும் மூட மாட்ட. அது பழகிப்போச்சு. இன்னொருத்தி பேச்ச இனிமே எங்கன போயிப் பழக?”

அவ்வளவுதான் அவன் சொன்னது. இருவர் முகமும் மேலே கொடியில் இருந்தது.

திருநாள் வந்தது. கொடியேற்றமும் தேரும் முடிந்தன. திங்கட்கிழமை அவள் போய், “பாக்குறேன் சிஸ்டர். ஒரு மாசம் பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள். சரியென்றோ மாட்டேனென்றோ சொல்ல அவள் நாவுக்கு வரவில்லை. சிஸ்டரும் கேட்கவில்லை.

முதல்நாள் உச்சிமணி அடித்தபோது அவள் பழக்கத்தில் எழுந்து, கையைக் கழுவி, வாசற்படி வரை வந்துவிட்டாள். பிறகு நினைவு வந்து, உச்சிமணிச் செபத்தைச் சொல்லி, உள்ளே போய் அமர்ந்தாள். பகலின் மறுபாதி எப்படி இருக்கும் என்று எத்தனையோ நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. அது இப்படி இருந்தது: நோயாளி ஒருவரும் இல்லை. புதுக் கட்டில்களின் மெத்தை உறை காற்றில் படபடத்தது. தரையில் வெயில் சதுரமாக விழுந்தது, மறைந்தது, மறுபடி விழுந்தது. சுருட்டிய துணிகளைப் பிரித்து மறுபடி சுருட்டினாள். பந்தலில் இந்நேரம் எந்த வரிசையில் நிற்பார்கள் என்று எண்ணினாள். பாண்டியம்மாள் இறுக்கிக் கட்டுகிறவளாயிற்றே, தளிரின் கழுத்து ஒடியுமே என்று எண்ணினாள். காலையில் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் தாய் மறுபடி வந்து, காய்ச்சல் இறங்கிவிட்டதைக் காட்டிவிட்டுப் போனாள். ஞானபாக்கியம் அந்த நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை. அந்தக் கணம் எல்லாம் தெளிந்துவிட்டதுபோல் இருந்தது. தாய் தெருமுனை திரும்பியதும் மறுபடி கலங்கிற்று.

அப்போது வாயிலில் ஏசுதாசன் நின்றான். இடக்கைப் பெருவிரலில் துண்டைச் சுற்றியிருந்தான்.

“என்னாச்சு?”

“கத்தரி பட்டுருச்சு.”

உட்கார வைத்துத் துண்டைப் பிரித்தாள். கழுவிப் பார்த்தாள். நகக்கண்ணுக்குக் கீழே ஒரு சிறு கீறல்.

“இதுக்கா பந்தலுலேர்ந்து இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீக?”

“ரத்தம் வந்துச்சு.”

“வந்துச்சா, வரவச்சீகளா?”

“ஏ புள்ள, எவனாச்சும் வேணும்னு வெரல வெட்டிக்குவானா? அவ பேசிக்கிட்டே இருந்தா. மேல பாக்குறதா, அவளப் பாக்குறதான்னு தெரியாமக் கத்தரிய வச்சுட்டேன்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்து தடவினாள். அவன் பல்லைக் கடித்தான். அவள் துணியை வைத்து, இறுகாமலும் தளராமலும் சுற்றி முடித்தாள். கழுவத் தொடங்கிய காயத்தை அவளே கட்டி முடித்தது அதுவே முதல்முறை. அவன் அந்தக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இந்நேரத்துக்கு இங்கன இப்பிடித்தான் இருக்குமா? அமைதியா?”

“இன்னைக்கு இப்பிடி இருக்கு. நாளைக்கு எப்பிடியோ.”

“பிடிச்சிருக்கா?”

“தெரியல.”

“அப்ப மாசக் கடைசியில என்ன சொல்லப் போற?”

“அதுவும் தெரியல. நாளைக்குக் கட்டுப் பிரிச்சு மாத்தணும், நீங்க இங்கன வரணும். அது மட்டும் தெரியும்.”

அவன் தலையாட்டினான். எந்தப் பக்கமாக என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேலை முடிய இன்னும் பொழுது இருந்தது. அவனைக் கொண்டுபோய் விட வாயில் வரை வந்தாள். மடத்து முற்றத்தில் சிறு குகைபோலக் கல்லால் கட்டிய கெபி; உள்ளே மாதாவின் சிறிய சுரூபம். மெழுகுதிரியை ஏற்ற அவள் முயன்றாள், காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. அவன் அருகில் முழந்தாளிட்டு, கட்டுப் போட்ட கையையும் நல்ல கையையும் சேர்த்துக் குவித்துச் சுடரைச் சுற்றி வைத்தான். சுடர் நின்றது. என்ன வேண்டுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. வேண்டாமலே ‘அருள்நிறைந்த மரியே’ செபத்தை மெல்லச் சொன்னார்கள், அவள் பாதியும் அவன் பாதியுமாக.

எழுந்ததும் அவள் தன் பெருவிரலால் அவன் நெற்றியில் சிறிய சிலுவை வரைந்தாள்.

“சேசு மரி சூசை உங்களோட இருக்கட்டும். நல்லா இருங்க. பாத்துப் போங்க.”